கார் ஸ்பீக்கர் பாடவில்லையா? ஒரு டார்ச் லைட் செல் போதும், கோளாறைக் கண்டுபிடிக்கலாம்!

மும்பையில் டாக்சி ஓட்டும் நம்மவர் ஒருவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குடியிருப்பது தாராவியில். பழைய கார் ஒன்றைக் கடனுக்கு வாங்கி ஓட்டி வருகிறார்.

ஜூன் மாதம். மழை தொடங்கிவிட்டது. ஊரில் பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ரூ.9 ஆயிரம் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய வண்டியில் பாட்டு நின்றது.

"பாட்டுதானே, நின்றால் நிற்கட்டும்" என்று சிலர் நினைக்கலாம். அப்படி விட முடியாது. இப்போது டாக்சிக்காரருக்கு வழி சொல்வது செல்போன். அந்தக் குரல் வருவது கார் ஸ்பீக்கரில். சவாரிக்காரர் போன் செய்து "எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்பதும் அதில்தான்.

"மழை இரைச்சலில் போனில் சொன்னது காதில் விழவில்லை. சயானில் திரும்ப வேண்டியவன் நேரே மேம்பாலத்தில் ஏறிவிட்டேன். சவாரிக்காரர் சண்டை போட்டார். காசையும் குறைத்துக் கொடுத்தார்" என்கிறார் அந்த டிரைவர்.

கார் சாமான் கடை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு போனார். கடைப் பையன் செட்டைப் போட்டு, குமிழைத் திருகிப் பார்த்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "செட் போய்விட்டது. நாலு ஸ்பீக்கரும் போய்விட்டது. எல்லாம் மாற்ற வேண்டும். ரூ.9,500 ஆகும்" என்று இந்தியில் சொன்னான்.

கையில் இருந்ததோ பள்ளிக் கட்டணம். என்ன செய்வது?

நல்லவேளையாக ஒரு சிநேகிதர் அவரை வேறொருவரிடம் அழைத்துப் போனார். தாராவியில் சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கும் முதியவர் அவர். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் ஊரை விட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் "அண்ணாச்சி".

"அண்ணாச்சி, கடைக்காரன் ஒம்பதாயிரத்து ஐந்நூறு கேக்கான். செட்டும் போச்சு, நாலு ஸ்பீக்கரும் போச்சுன்னு சொல்லுதான்" என்றார் டிரைவர்.

"ஏன் தம்பி, நாலு ஸ்பீக்கரும் ஒரே நாள்ல சேந்து சாகுமா? உக்காரு, பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

அரை நாளில் வண்டி பாடியது. மொத்தச் செலவு ரூ.450. ஒரு ஸ்பீக்கரைக்கூட மாற்றவில்லை. ஆனால் அந்த அரை நாளில், பள்ளிக் கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் வண்டிக்குள் இருந்து வெளியே வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

டாக்சி ஓட்டுபவர்கள், முதலாளி வண்டி ஓட்டுபவர்கள், ஆபீஸ் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது உதவும். அண்ணாச்சி செய்ததை வரிசையாகத் தருகிறோம்.

மூன்றே இடம்

ஓசை புறப்படுவது செட்டில் இருந்து. போய்ச் சேருவது ஸ்பீக்கரில். நடுவில் இருப்பது ஒயர். செட், ஒயர், ஸ்பீக்கர் ஆகிய இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்க வேண்டும். எதில் என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. இதுதான் அண்ணாச்சியின் முதல் பாடம்.

"கடையில விக்கிறது செட்டும் ஸ்பீக்கரும். ஒயர்ல என்ன லாபம் வரும்? அதனாலதான் ஒயரை யாரும் பாக்கதில்ல. ஆனா எங்கிட்ட வர்ற வண்டியில பாதிக்கு மேல ஒயர்லதான் கோளாறு" என்கிறார் அவர்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்பீக்கர் மிக எளிமையான சாமான். பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவே மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில். காயிலோடு ஒட்டிய கூம்பு. கூம்பைச் சுற்றி ரப்பர் அல்லது நுரை வளையம். அவ்வளவுதான்.

காயிலில் மின்சாரம் பாய்ந்தால், காந்தம் அதைத் தள்ளும். திசை மாறினால் இழுக்கும். காயிலோடு கூம்பும் முன்னும் பின்னும் ஆடும். கூம்பு காற்றை அசைக்கும். அதுதான் ஓசை. அமெரிக்காவில் ரைஸ், கெலாக் என்ற இரண்டு என்ஜினீயர்கள் 1925-ல் இந்த அமைப்பை வெளியிட்டார்கள். இன்றைய கார் ஸ்பீக்கரும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

ஆகவே ஸ்பீக்கர் கெடுவதும் சில வழிகளில்தான். காயில் கருகலாம். காயில் காந்தத்தில் உரசலாம். கூம்பு கிழியலாம். வளையம் மக்கலாம். காயிலுக்குப் போகும் சிறு கம்பி அறுந்து போகலாம். இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம்.

முதல் சோதனை காதால்

கருவி எதுவும் வேண்டாம். செட்டைப் போட்டுப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றை மெதுவாக வையுங்கள். செட்டில் "பாலன்ஸ்", "பேடர்" என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். பாலன்ஸ் ஓசையை இடப் பக்கமோ வலப் பக்கமோ தள்ளும். பேடர் முன்பக்கமோ பின்பக்கமோ தள்ளும்.

முதலில் இடது முன், பிறகு வலது முன், இடது பின், வலது பின் என்று ஒவ்வொன்றாகத் தனியே பாட விடுங்கள். கதவின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். எது பாடவில்லை, எது கரகரக்கிறது, எது மெதுவாகக் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாமல் கதவைக் கழற்றுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நம் டிரைவரிடம் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார்: "முதல்ல எந்தப் பக்கம் போச்சு?"

டிரைவர் யோசித்துச் சொன்னார்: "பின்னால இடது கதவு. ஒரு மாசமாவே கரகரன்னு வரும், போகும். அப்புறம் அது நின்னுட்டு. போன வாரத்துல இருந்து வண்டி குழியில விழுந்தா எல்லாமே நிக்கும். செட்டை அணைச்சுப் போட்டா திரும்ப வரும். ரெண்டு நாளா வரவே இல்ல."

அண்ணாச்சிக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது. டாக்சியில் சவாரி ஏறுவதும் இறங்குவதும் எந்தக் கதவில்? பின்னால் இடது கதவில்தான். ஒரு நாளைக்கு 30, 40 தடவை திறந்து மூடுவது அந்த ஒரு கதவைத்தான்.

மும்பையின் பழைய கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு ஓய்வு பெற்றன. அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கர் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் இருந்தது. வெயிலில் கூம்பு காய்ந்து கிழியும். ஆனால் ஒயர் ஆடாது. இப்போதைய வண்டிகளில் ஸ்பீக்கர் கதவுக்குள் இருக்கிறது. கதவு ஆடும்போதெல்லாம் ஒயரும் மடங்குகிறது.

டார்ச் லைட் செல் சோதனை

இனித்தான் முக்கியமான சோதனை. தேவையானது ஒன்றரை வோல்ட் டார்ச் லைட் செல் ஒன்றும், இரண்டு துண்டு ஒயரும்.

முதலில் வண்டியை அணைத்து, பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். பிறகு செட்டை முன்னால் இழுத்து, அதன் முதுகில் உள்ள பிளக்கைப் பிரியுங்கள். ஸ்பீக்கர் ஒயர் செட்டோடு சேர்ந்திருக்கும்போது செல்லை வைக்கக் கூடாது. செட் கெட்டுவிடும்.

ஸ்பீக்கர் ஒயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். வெளியில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பெரும்பாலும் நிறம் இப்படி இருக்கும்: வெள்ளை, இடது முன். சாம்பல், வலது முன். பச்சை, இடது பின். ஊதா, வலது பின். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ஒயர். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் கம்பெனியே பொருத்திய செட்டில் நிறம் வேறாக இருக்கும்.

கோளாறான பக்கத்தின் ஜோடியை எடுத்து, செல்லின் இரண்டு முனைகளில் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஒரு விநாடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கதவில் இருந்து "கர்க், கர்க்" என்று சத்தம் வருகிறதா? வந்தால் அந்த ஒயரும் ஸ்பீக்கரும் உயிரோடு இருக்கின்றன. கோளாறு செட்டில் அல்லது பிளக்கில்.

சத்தம் வரவில்லையா? கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். மெக்கானிக்குகள் இதை "டோர் பேட்" என்பார்கள். ஸ்பீக்கரில் செருகிய ஒயரை உருவிவிட்டு, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலேயே செல்லை நேராகத் தொடுங்கள். இப்போது "கர்க்" என்று வந்தால் ஸ்பீக்கர் நல்லது. நடுவில் ஒயர்தான் அறுந்திருக்கிறது. இப்போதும் வராவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு செய்யலாம்.

பார்த்தீர்களா? ஒரே ஒரு செல். இரண்டே இடத்தில் தொட்டுப் பார்த்தோம். மூன்றில் எது கெட்டது என்று தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: செல் இல்லை என்று கார் பாட்டரியில் இருந்து 12 வோல்ட்டை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல காயிலும் கருகிவிடும்.

மீட்டர் இருந்தால்

மல்டி மீட்டர் வைத்திருப்பவர்கள் அதை ஓம் அளவில் வைத்து, ஒயரைக் கழற்றிய ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வைக்கலாம். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். மீட்டரில் 3-க்கும் 4-க்கும் நடுவே காட்டினால் காயில் நல்லது. அசையாமல் "திறந்த நிலை" காட்டினால் காயில் அறுந்துவிட்டது. ஒன்றுக்கும் கீழே காட்டினால் காயில் உள்ளுக்குள் ஒட்டிவிட்டது. அதைத் திரும்பவும் செட்டோடு சேர்க்கக் கூடாது.

தனியாக வைத்திருக்கும் சிறிய டுவீட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வழியில் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். மீட்டர் "திறந்த நிலை" என்றே காட்டும். அதைப் பார்த்து டுவீட்டர் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

ஒயர் எங்கே அறுகிறது?

அண்ணாச்சி செல்லைப் பச்சை ஒயரில் வைத்தார். சத்தம் இல்லை. கதவைக் கழற்றி ஸ்பீக்கரிலேயே வைத்தார். "கர்க்!" ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது!

கதவைத் திறந்தால், கீல் பக்கம் வண்டிக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். ஒயர்கள் அதற்குள்ளேதான் போகின்றன. அண்ணாச்சி அந்தக் குழாயைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே பச்சை ஒயர் அறுந்து தொங்கியது. அறுந்த முனையில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அந்தச் செம்பு கதவின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது.

நாலு ஸ்பீக்கரும் ஊமையானதற்குக் காரணம் இதுதான்.

இப்போதைய கார் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் மின்சாரம் உண்டு. மைனஸ் என்று பெயர் இருந்தாலும் அது வண்டியின் எர்த் அல்ல. இரண்டில் எது இரும்பைத் தொட்டாலும், செட்டுக்குள் உள்ள ஆம்பிளிபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஒரு கதவில் ஒயர் தொட்டால் நாலு கதவும் ஊமை! செட்டில் விளக்கு எரியும், எண் ஓடும், ஆனால் சத்தம் வராது.

இதைச் சோதிப்பதும் சுலபம். செட்டின் முதுகில் இருந்து நாலு ஜோடி ஸ்பீக்கர் ஒயர்களையும் பிரித்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்துப் பாருங்கள். எந்த ஜோடியைச் சேர்த்ததும் எல்லாம் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

பச்சை ஜோடியை விலக்கியதும் நம் டிரைவரின் வண்டியில் மற்ற மூன்று ஸ்பீக்கரும் பாடின. "ஒம்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் சாமான் பாடுது பாத்தியா?" என்று சிரித்தார் அண்ணாச்சி.

எப்படி ஒட்டுவது?

அறுந்த இடத்திலேயே முறுக்கி, டேப் சுற்றினால் பத்து நாள் தாங்கும். பிறகு திரும்பவும் அறும். ஏனென்றால் மடங்கும் இடம் அதுதான். அண்ணாச்சி செய்தது வேறு. ரப்பர் குழாய்க்குள் புதிய ஒயரை முழு நீளமாக விட்டார். ஒரு ஒட்டு கதவுக்குள். இன்னொரு ஒட்டு தூணுக்குள். மடங்கும் இடத்தில் ஒட்டே இல்லை. இரண்டு ஒட்டிலும் ஈயம் வைத்து, மேலே உறை போட்டார். கதவை முழுக்கத் திறந்தாலும் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டார்.

ஒயர் வாங்கும்போது ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த ஒயர் வாங்குங்கள். அதுதான் மடங்கினாலும் தாங்கும்.

மும்பை மழைக்காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கீழே உள்ள துளை வழியே வடிந்துவிடும். அந்தத் துளை சேற்றால் அடைத்தால் தண்ணீர் தேங்கும். ஸ்பீக்கர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரை மழையில் இருந்து காப்பது அந்தத் தாள்தான். அதைக் கிழித்துப் போடும் மெக்கானிக்கை அப்போதே தடுங்கள்.

சிகரெட் பெட்டித் தாள்

வேலை முடிந்தது. டிரைவர் பணத்தை எடுத்தார். அண்ணாச்சி பழக்க தோஷத்தால் ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ரேடியோவுக்கு உரிய இடத்தில் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். இருந்தது கருகிப்போன பியூஸ். அதன் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள் சுற்றியிருந்தது!

முன்பு வண்டி வைத்திருந்த யாரோ செய்த வேலை. பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது. ஏன் போகிறது என்று பார்க்காமல் தாளைச் சுற்றிவிட்டார்கள். அண்ணாச்சி மறுபடி செட்டை வெளியே இழுத்தார். பாட்டரியில் இருந்து நேரே வரும் மஞ்சள் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். செட்டைத் தாங்கும் இரும்புத் தகட்டின் கீழ் அந்த ஒயர் நசுங்கியிருந்தது. தோல் உருகிக் கறுத்திருந்தது.

"தம்பி, ஸ்பீக்கர் போனா பாட்டுத்தான் போகும். இது பத்திக்கிட்டா வண்டி போகும். உள்ள சவாரி இருந்தா என்ன செய்வ?" என்று கேட்டார் அண்ணாச்சி. டிரைவருக்குப் பேச்சு வரவில்லை. போன வாரம்தான் ஒரு கைக்குழந்தைக்காரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

பியூஸ் எதற்கு இருக்கிறது? ஒயர் தாங்குவதற்கு மேல் மின்சாரம் ஓடினால், ஒயர் உருகுமுன் தான் உருகி வழியை அடைக்க. தாளோ செம்புக் கம்பியோ சுற்றினால் அது உருகாது. ஒயர்தான் உருகும். பக்கத்தில் பிளாஸ்டிக், பஞ்சு, மெத்தை. தீப்பிடிக்க வேறு என்ன வேண்டும்?

கடைக்காரன் சொன்னபடி புதிய செட்டும் நாலு ஸ்பீக்கரும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரூ.9,500 போயிருக்கும். அந்தத் தாளும் நசுங்கிய ஒயரும் அப்படியே இருந்திருக்கும்.

இந்தச் செய்தியைப் படித்ததும் உங்கள் வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கத்திலோ வண்டியின் கையேட்டிலோ எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். நிறத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள். 30 ஆம்பியர் பச்சை. போன பியூஸுக்குப் பதில் அதே அளவுதான் போட வேண்டும். திரும்பவும் போனால், எங்கோ ஒயர் தொடுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸ் போடுவது மருந்தல்ல.

ஓசை வருகிறது, நன்றாக இல்லையா?

ஸ்பீக்கர் பாடுகிறது, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. இதற்கும் காரணங்கள் உண்டு.

கரகரப்பு: டோர் பேடின் திருகு தளர்ந்து அதிர்கிறதா என்று முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு ஸ்பீக்கர் கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்து நேராக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே மணல் உரசுவது போலச் சத்தம் வந்தால், காயில் காந்தத்தில் உரசுகிறது. அந்த ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும்.

மேளச் சத்தம் இல்லை: எல்லா ஸ்பீக்கரும் பாடும். ஆனால் மேளமும் தபேலாவும் மெலிந்து கேட்கும். ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருக்கலாம். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் தொட்டால் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கூம்பு வெளியே வரும். நாலும் ஒரே திசையில் அசையும்படி ஒயரை மாற்றிச் செருகினால் போதும்.

"உய்ய்" என்ற ஊளை: என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. செட் அல்லது தனி ஆம்பிளிபயரின் கறுப்பு எர்த் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெறும் இரும்பில் இறுக்கித் திருக வேண்டும்.

கொஞ்சம் கூட்டினாலே உடைந்து கேட்கிறது: பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் வைத்துப் பாருங்கள். முழுக்க ஏற்றி வைத்தால் செட் திணறும். திணறும் செட்தான் நல்ல ஸ்பீக்கரைக் கருக்குகிறது.

வாட் கணக்கைப் பாருங்கள்

செட்டின் அட்டைப் பெட்டியில் "50 வாட், நாலு ஸ்பீக்கர்" என்று போட்டிருக்கும். மொத்தம் 200 வாட். அதே செட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பல செட்டுகளில் 10 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். என்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 14 வோல்ட். 14-ஐப் பத்தால் பெருக்கினால் 140 வாட். உள்ளே போவதே 140 வாட் என்றால், வெளியே தொடர்ந்து 200 வாட் எப்படி வரும்? அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 15 முதல் 20 வாட்தான். ஆகவே "இது 300 வாட் ஸ்பீக்கர்" என்று விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

உண்மையிலேயே ஸ்பீக்கர் போயிருந்தால் போனதை மட்டும் மாற்றுங்கள். முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும் ஒரே மாதிரியாக இருப்பது நல்லது. பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அகலம், ஆழம், 4 ஓம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். ஆழம் அதிகமானால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் இடிக்கும்.

கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள லாமிங்டன் ரோட்டில் மீட்டர், ஒயர், ஈயம், செட் சாமான்கள் கிடைக்கும். இந்தி சரியாக வராதவர்கள் தயங்க வேண்டாம். சோதனை செய்துவிட்டுப் போய் "ஸ்பீக்கர் டீக் ஹை, தார் டூட்டா ஹை" என்று சொல்லுங்கள். ஸ்பீக்கர் சரியாக இருக்கிறது, ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எதை மாற்றினாலும் "புரானா மால் வாபஸ் தோ" என்று பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். விஷயம் தெரிந்தவர் என்று தெரிந்தால் கடையில் பேச்சே மாறிவிடும்.

எதில் கை வைக்கக் கூடாது?

வாரண்டி முடியாத புது வண்டியில் ஒயரை வெட்ட வேண்டாம். கம்பெனி சர்வீசுக்குப் போங்கள். ஏர் பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கற்றையும் மஞ்சள் பிளக்கும் ஏர் பேக்குக்கு உரியவை. செட்டுக்குப் பின்னால் வரும் ஒற்றை மஞ்சள் ஒயர் வேறு, இது வேறு. மஞ்சள் உறை தெரிந்தால் தொடாதீர்கள். செல்லையோ மீட்டரையோ அங்கே வைக்கவே கூடாது. தனி ஆம்பிளிபயர் உள்ள வண்டியில் செல் சோதனையை ஆம்பிளிபயரில் இருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில்தான் செய்ய வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால் பியூஸைப் பாருங்கள். விளக்கு எரிந்து எல்லா ஸ்பீக்கரும் ஊமை என்றால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் ஒயர் இரும்பைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் ஊமை என்றால் செல்லை எடுங்கள். கதவைத் திறந்து மூடும்போது வந்து வந்து போனால் கீல் பக்கத்து ரப்பர் குழாயைப் பாருங்கள்.

நம் டிரைவரின் கணக்கு இது: ஒயர், பியூஸ், உறை, டேப் எல்லாம் சேர்த்து ரூ.150. அண்ணாச்சியின் கூலி ரூ.300. அன்றைய சவாரிக் காசிலேயே முடிந்துவிட்டது. பள்ளிக் கட்டணம் ரூ.9 ஆயிரம் அன்று மாலையே ஊருக்குப் போனது.

இப்போது அவருடைய வண்டியில் டிக்கெட், பேனா வைக்கும் அறையில் ஒரு டார்ச் லைட் செல்லும், 15 ஆம்பியர் நீல பியூஸ் இரண்டும் இருக்கின்றன. ஸ்டாண்டில் யாராவது "ஸ்பீக்கர் போச்சு" என்று சொன்னால், முதலில் அவர் கேட்பது "எந்தப் பக்கம் முதலில் போச்சு?" என்றுதான்.